உட்காரக் கூடாத அரை மணி

ஒரு டம்ளர் தண்ணீரையும் முழுதாகக் குடித்துவிட்டு, பிரேம் கடைக்காரி சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மணி ஆறு பத்து.

இனி ஆறு நாற்பது வரை படுக்கக் கூடாது, குனியக் கூடாது, காபியை நினைக்கவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் வெறும் வயிற்றில் விழுங்க வேண்டிய எலும்பு மாத்திரை. இன்று மூன்றாவது வாரம்.

உட்காரலாம் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கும் தடை போட்டவள் நாத்தனார். உட்கார்ந்தால் சாய்வீர்கள், சாய்ந்தால் கண் அசருவீர்கள், அப்புறம் மாத்திரை நெஞ்சிலேயே தங்கிப் புண்ணாக்கிவிடும் என்பது அவள் வாதம்.

நாத்தனார் போக்குவரத்துப் போலீஸ். நாற்சந்தியில் எட்டு மணி நேரம் நிற்கிறவளுக்கு அரை மணி ஒரு பொருட்டா? விடிந்ததும் விடியாததுமாக இரண்டு தெரு தாண்டி வந்து, அண்ணிக்குக் காவலாகத் தானும் நின்றுவிடுவாள்.

அவளுடைய அண்ணன் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவனை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

எல்லாம் ஒரே ஒரு தும்மலால் வந்த வினை. போன மாதம் கடையில், பிரேம் மாற்ற வந்த பழைய படம் ஒன்றைத் தூசி தட்டும்போது தும்மினாள். விலா எலும்பு விரிசல் விட்டது. தும்மி எலும்பை உடைத்துக்கொண்ட ஆளை இப்போதுதான் பார்க்கிறோம் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். வலியோடு அவளும் சேர்ந்து சிரித்தாள்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர் சிரிக்கவில்லை. ஒன்பது வருடமாகத் தினம் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரை எலும்பை அரித்திருக்கிறது என்றார். நாற்பத்திரண்டு வயதில் எழுபது வயது எலும்பு. அடுத்து உடைவது இடுப்பாக இருக்கலாம், முதுகாகவும் இருக்கலாம்.

ஆனால் கைமீறிப் போய்விடவில்லை, இதற்கு மருந்து இருக்கிறது, எலும்பைத் தேற்றிவிடலாம் என்றும் அவரே சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. ஸ்டீராய்டை மட்டும் நீங்களாக ஒருநாளும் விடக் கூடாது.

ஏன் என்று பிரேம் கடைக்காரிக்கும் தெரியும். ஆனால் அவள் தொழில் புத்தி வேறு சொன்னது. கறையானை மரத்துக்குள் வைத்துக்கொண்டே மேலே வார்னிஷ் அடிக்கிறவன் மடையன். முதலில் அரிப்பதை நிறுத்து, பிறகு மரத்தைத் தேற்று. இருபது வருடமாக எத்தனையோ பிரேம்களை அவள் அப்படித்தான் காப்பாற்றியிருக்கிறாள்.

அந்தப் புத்தியை ஐந்து நாளாக யாருக்கும் தெரியாமல் தன் உடம்பில் காட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் அசதியாக இருந்தது. அவள் அதை லட்சியம் செய்யவில்லை.

ஆறு இருபத்தைந்துக்கு நாத்தனார் மருந்து டப்பாவைத் திறந்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டிய கால்சியத்தைத் தேடினாள். கையில் வந்தது ஸ்டீராய்டு அட்டை.

ஒவ்வொரு மாத்திரைக்கும் பின்னால் பேனாவால் கிழமை எழுதி வைத்திருந்தவளும் அவள்தான். செவ்வாய் அப்படியே இருந்தது. புதன் இருந்தது. சனி வரைக்கும் ஒன்றும் பிரிக்கப்படவில்லை.

கத்துவாள் என்று பிரேம் கடைக்காரி எதிர்பார்த்தாள். லாரிக்காரனையே நடுங்க வைக்கிற குரல் அது. நாத்தனார் கத்தவில்லை. அட்டையைப் பிடித்தபடி அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. தப்புச் செய்தவளுக்கே வருகிற வேகத்தோடு பிரேம் கடைக்காரி முந்திக்கொண்டாள்.

“அப்படிப் பார்க்காத. அது என்னைத் தின்னுது, நிறுத்திட்டேன். என் எலும்பு, நான் பாத்துக்கிறேன்.”

நாத்தனாரின் கண் லேசாகக் கலங்கியது. உடனே புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பிறகு தன் போனை எடுத்து, பதற்றமே இல்லாமல் ஆஸ்பத்திரியின் அவசர நம்பரை அழுத்திக் காதில் வைத்தாள். ஐந்து நாள் விட்டதை மறுபடி எப்படித் தொடங்குவது என்று கேட்காமல் அவள் விடப் போவதில்லை.

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

இந்த ஒன்பது வருடத்தில் இரண்டு பேருக்கும் எத்தனையோ சண்டை வந்திருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மாதக்கணக்கில் பேசாமலும் இருந்திருக்கிறார்கள். அப்போதுகூட நாத்தனார் அந்த ஒரு பேச்சை மட்டும் எடுத்ததில்லை. சொந்தக்காரர்கள் எடுத்தாலும் பாதியிலேயே வெட்டிவிடுவாள். இப்போது உள்ளே தூங்குகிறவனுக்குக் கேட்காதபடி குரலைத் தணித்துக்கொண்டாள்.

“எலும்பு உங்களோடதுதான் அண்ணி, யாரு இல்லேன்னா? உள்ள இருக்கிற கிட்னி என்னோடதுல்ல? இந்த மாத்திரை இல்லேன்னா அது உங்ககிட்ட தங்குமா?”

மறுமுனையில் ஒரு நர்ஸ் எடுத்து, என்ன விஷயம் என்று கேட்டாள்.

நாத்தனார் வாயைத் திறப்பதற்குள் பிரேம் கடைக்காரி போனை வாங்கிக்கொண்டு, தான் செய்த காரியத்தைச் செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒன்று விடாமல் சொல்ல ஆரம்பித்தாள்.