இருமலுக்கு ஏறிய விலை

"ஏழாயிரத்துக்கு மேல ஒரு சல்லிக்காசு தர மாட்டேன்" என்றார் சோபாவைத் தட்டிப் பார்த்தவர்.

பழைய மரச்சாமான் கடை முதலாளி பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தார். பேச்சு வரவில்லை, இருமல் வந்தது. பக்கத்து அலமாரியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். நெஞ்சுக்குள் விசில் அடித்தது.

"சரி, எட்டு."

முதலாளி மூச்சை இழுத்தார். 'இரு' என்பது போல் கை மட்டும் உயர்ந்தது.

"எட்டரை! இதோட விடுங்க ஐயா."

விட்டார். சோபா வண்டி ஏறியது.

உள்ளறையில் மெத்தை தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஓடிவந்து, புத்தம்புது குஷன் இரண்டை சோபாவின் மேல் வைத்தாள். இலவசம்.

வண்டி போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார் முதலாளி.

"யாரைக் கேட்டுடி தூக்கிக் குடுத்தே? நான் தொண்டை கிழியப் பேசி விலையை ஏத்தறேன்..."

"எங்கே பேசினீங்க? இருமினீங்க."

"அதான் தொழில்! எதிராளி விலை சொன்னதும் வாயைத் திறக்கக் கூடாது. விட்டுப் பிடிக்கணும். அவனே பயந்து ஏத்துவான். சாக்குப்பையைத் தோள்ல போட்டுத் தெருத்தெருவா அலைஞ்சு கத்துக்கிட்ட வித்தை. எவன்கிட்டயும் ஓசியா ஒரு ஆணி வாங்கினதில்லே நான்."

"முன்னெல்லாம் பேச்சை நீங்களா நிறுத்துவீங்க. இப்ப மூச்சு நிறுத்துது."

அவர் ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்தார்.

"காலையிலதானே அந்த டாக்டரம்மா தலை தலையா அடிச்சுக்கிட்டாங்க!"

அடித்துக்கொண்டார்தான். படம் போட்டே காட்டினார். மூச்சுக்குழாயின் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத முடிகள் உண்டு, ஓயாமல் அசைந்து அழுக்கை மேலே தள்ளும். புகை பட்டுப் பட்டு அந்தத் துடைப்பமெல்லாம் படுத்துவிடும். சளி தேங்கும். புகையை விரட்ட ஓடிவரும் காவல் செல்களோ, வந்த ஆத்திரத்தில் சொந்த வீட்டுச் சுவரையே அரித்துத் தள்ளும். குட்டிக் குட்டிக் காற்றறைகள் உடைந்து, தொளதொளவென்று பெரிய பையாகிவிடும்.

"ஸ்பிரிங் போன சோபா மாதிரி" என்றார் டாக்டர். "அமுங்கினா எழும்பாது. காத்து உள்ளே போகுது, வெளியே வர மாட்டேங்குது."

"ஸ்பிரிங்கை மாத்திடுங்களேன்?"

"இதுக்கு உதிரி கிடைக்காது. மிச்சமிருக்கிறதைக் காப்பாத்தலாம். சிகரெட் ஒண்ணு கூடக் கூடாது."

"பாதியாக் குறைச்சுக்கறேன்."

"ஒண்ணு கூடக் கூடாது."

"சரி, சாப்பிட்ட பிறகு மட்டும். உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்."

டாக்டர் மணியை அடித்து அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

"படியாத கிராக்கி" என்றார் முதலாளி இப்போது, புகையை விட்டபடி. "இந்த இருமல்தான்டி என் முதல். இது போச்சுன்னா கடையே படுத்துடும்."

மனைவி ஊசியில் நூலைக் கோத்தாள்.

சாயங்காலம் ஒரு இளம் தம்பதி வந்தது. எழுத்து மேஜையும் நாற்காலியும் வேண்டும். முதலாளி வாய் கூசாமல் ஒரு விலை சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. கணவன் ஏதோ சொல்ல வந்தான். மனைவி அவன் கையை அழுத்தினாள். கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டார்கள்.

முதலாளி உள்ளே பார்த்துக் கண்ணடித்தார். அவர் மனைவி அதற்குள் நாற்காலியில் ஒரு குஷனை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"கடையை ஒரு நாள் காலி பண்ணிட்டுத்தான்டி நீ ஓய்வே!"

சாமான்கள் வண்டி ஏறிப் போன பிறகுதான் பார்த்தார். மேஜை இழுப்பறையின் சாவி கல்லாவிலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டு ஓடினார். ஓட்டமா அது? தெருமுனையில் நின்ற வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் மிச்சம். கூப்பிடக் குரல் எழும்பவில்லை.

வண்டிக்கு அந்தப் பக்கம் இருவரும் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த விலைக்குப் புதுசே வாங்கியிருக்கலாம். எதுக்கு என் கையை அமுக்கினே?"

"அந்த மனுஷன் மூச்சுக்குத் தவிக்கிறாரு. அவரை இன்னும் பேச வச்சுத்தான் குறைக்கணுமா? எங்க அக்கா அப்பவே சொன்னா. அவர் இரும ஆரம்பிச்சா யாரும் மேல பேரம் பேசறதில்லையாம். பாவம்னு கேட்டதைக் குடுத்துட்டு வந்துடுவாங்களாம். கூடப் போன காசுக்கு அந்தம்மாதான் குஷன் வச்சு ஈடு கட்டிடறாங்க."

முதலாளிக்குக் காது மடல் வரை சுட்டது.

சத்தம் போடாமல் சாவியை இழுப்பறைப் பூட்டில் செருகிவிட்டுத் திரும்பி நடந்தார். வழியில் இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது.

மனைவி தண்ணீரோடு வாசலிலேயே நின்றாள். "குடுத்துட்டீங்களா? ஏன் முகம் இப்படி இருக்கு?"

தண்ணீரை வாங்கிக்கொண்டார். சட்டைப்பையிலிருந்த சிகரெட் பெட்டியை எடுத்து அவள் கையில் திணித்தார்.

"அந்த டாக்டரம்மாகிட்ட... சொல்லிடு" என்றார், மூச்சு வாங்க. "அவங்க சொன்ன விலைக்கே முடிச்சுக்கலாம்."