மகனுக்கு ஒரு வாளி

பேருந்து நின்றும் நிற்காமலும் இருக்கும்போதே இஷ்பெல் குதித்து இறங்கி, வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

காலி வாளிதான். வேலை பார்க்கும் இன்வெர்னஸ் ஊரிலிருந்து அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள். மீன் வாங்கப் போகிறாயா என்று எதிர் இருக்கைக்காரர் கேட்டதற்குப் பதில் சொல்லக்கூட அவளுக்குப் பொறுமை இல்லை.

பன்னிரண்டு மணிக்கு மர்டோவின் கடைசித் தேர்வு முடிகிறது.

கடைசித் தேர்வு எழுதிவிட்டு வருகிறவர்களை நண்பர்கள் தலையோடு குளிப்பாட்டித்தான் இந்தப் பல்கலைக்கழகத்தில் வீட்டுக்கு அனுப்புவார்கள். நனைந்தால்தான் படித்து முடித்ததாகக் கணக்கு. பட்டமெல்லாம் அப்புறம்.

தான் போய்ச் சேராவிட்டால் மர்டோவின்மேல் ஒருவரும் ஒரு சொட்டுகூட ஊற்றமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

மர்டோ அவள் மகன். பெற்ற மகன் இல்லை, தத்து. மூன்றாமாண்டுக்காரர்கள் முதலாண்டுக்காரர்களைப் பிள்ளைகளாக எடுத்துக்கொள்ளும் தேநீர் விருந்தில், கோப்பையும் கையுமாக ஓர் ஓரத்தில் நின்றிருந்தான். மற்றவர்களுக்கெல்லாம் அம்மாவும் அப்பாவும் கிடைத்துவிட்டார்கள். அவன் பக்கம் யாரும் போகவில்லை. இஷ்பெல்லுக்கு மனசு கேட்கவில்லை.

"அம்மா வேணுமா, வேணாமா? சட்டுனு சொல்லு," என்றாள்.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வேணும் என்று தலையாட்டினான்.

அந்த ஆண்டு நுரைச் சண்டை நாளில், வழக்கப்படி அவனுக்குக் கைக்குழந்தை வேஷம் போட்டு, தலையில் பின்னல் குல்லாய் மாட்டி முற்றத்துக்கு அனுப்பினாள். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் சோப்பு நுரையில் கட்டிப் புரண்டார்கள். அவன் மட்டும் போனபடியே திரும்பி வந்தான். குல்லாய்கூடக் கலையவில்லை. இஷ்பெல்லுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு புட்டி நுரையை அவன் முகத்திலேயே அடித்துத் தீர்த்தாள். அப்போதுதான் வாய்விட்டுச் சிரித்தான்.

அவள் படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான். ஒருமுறை, படிப்பையே விட்டுவிடப் போகிறேன் என்றான். கணக்கு வரவில்லையா என்று கேட்டாள். கணக்கெல்லாம் நன்றாகத்தான் வருகிறது என்றான்.

"யாருமே எங்கூட சண்ட போட மாட்டேங்கறாங்கம்மா. நான் தப்பா சொன்னாக்கூட சரிங்கறாங்க."

"இதுக்கெல்லாம் படிப்ப விடுவியா? கடைசிப் பரீட்ச அன்னைக்கு நான் வாளியோட வரேன். பாதியில ஓடினேன்னு வச்சுக்க, உன் வீட்டுக்கே வந்து ஊத்துவேன்."

சொல்லிவிட்டாள். அதற்காகத்தான் இந்த ஓட்டம்.

முற்றத்துக் குழாயில் வாளியை நிரப்பி நிமிரும்போது மணிக்கூண்டு அடித்தது. அறுநூறு வருஷத்துக் கல் வளைவுக்கு முன்னால் ஐம்பது வாளிகளாவது காத்திருந்தன. மே மாதம் என்று பேர்தான். கடல் காற்று எலும்பைத் தொட்டது.

"யாருக்குக்கா?" என்றான் பக்கத்தில் நின்ற செம்பட்டைத் தலையன்.

"என் மகனுக்கு."

"அப்ப தயவு தாட்சண்யமே பாக்காதீங்க. சட்டைக்குள்ள ஊத்துங்க!"

கதவு திறந்தது. முதலில் வந்த பெண்மேல் நான்கு வாளிகள் கவிழ்ந்தன. அவள் போட்ட கூச்சலில் கூரையிலிருந்த கடற்பறவைகள் எல்லாம் எழுந்து பறந்தன. அடுத்தவன் ஓடப் பார்த்தான். காலைப் பிடித்து இழுத்துவந்து ஊற்றினார்கள். ஒருத்தி நனைந்த கையோடு தன்னை நனைத்தவனையே கட்டிக்கொண்டு அழுதாள். கல் தரையில் வெள்ளம் ஓடியது. இஷ்பெல்லுக்கும் கண் கலங்கியது. நல்ல நாள், நல்ல நாள் என்று மனசு அடித்துக்கொண்டது.

திடீரென்று சத்தம் அடங்கியது.

வாளிகள் தாழ்ந்தன. கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது.

"பாத்துப்பா, அவர் மேல தெறிச்சிரப் போவுது," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

மர்டோ வாசலில் நின்றான். சுற்றிலும் ஈரம், அவன் நின்ற கல் மட்டும் காய்ந்திருந்தது. ஒதுங்கி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவன், இஷ்பெல்லையும் அவள் கையிலிருந்த வாளியையும் பார்த்தான்.

உடனே காதிலிருந்த மெஷினைக் கழற்றினான். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையை எடுத்து, மெஷினை அதில் போட்டு, தண்ணீர் புகாதபடி இறுக்கி மூடினான். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்து வைத்திருக்கிறான்.

பிறகு வெள்ளைத் தாடியை ஒருமுறை தடவிவிட்டுக்கொண்டு, கண்ணை மூடி நின்றான்.

செம்பட்டைத் தலையன் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். "ஐயோ அக்கா, அவரா? எழுபத்தோரு வயசுக்கா அவருக்கு!"

"அதனால என்ன? எனக்கு மகன்தானே!" என்றாள் இருபத்துநான்கு வயது இஷ்பெல். கையை உதறிவிட்டு முன்னால் போய், எக்கி நின்று, வாளித் தண்ணீர் முழுவதையும் அவன் உச்சந்தலையில் கவிழ்த்தாள்.

மர்டோ போட்ட சத்தம் துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும்.

தாடியிலிருந்து தண்ணீர் சொட்ட, அவன் ஒரு கண்ணைத் திறந்தான். சும்மா தொங்கிக்கொண்டிருந்த மற்ற வாளிகளைப் பார்த்தான்.

"அவ்ளோதானா?" என்றான்.

செம்பட்டைத் தலையன் தன் வாளியைப் பார்த்தான். இஷ்பெல்லைப் பார்த்தான்.

"யோவ் மர்டோ!" என்று கத்திக்கொண்டே பாய்ந்தான்.

மர்டோவுக்குக் காதில் விழவில்லை. ஆனால் வாளி வருவது தெரிந்தது. பின்னாலேயே இன்னும் பத்து, பிறகு இருபது. சிரித்துக்கொண்டே திரும்பி ஓடப் பார்த்தான்.

ஒருவரும் வழி விடவில்லை.