தகரத்தை விடாத சீஸ்கேக்

கெட்டித் தயிரோடு சிறிதளவே பாலாடைக்கட்டி கலந்து செய்த மென்மையான சீஸ்கேக் ஒன்று, கதவு சற்றே திறந்திருந்த மின்னடுப்புக்குள் ஆறிக்கொண்டிருந்தது. சூடு தணியத் தணியத் தன் உடல் சுருங்குவதை உணர்ந்த அது, தன்னைச் சூழ்ந்திருந்த தகர அச்சை இறுகப் பற்றிக்கொண்டது.

"அண்ணா, என்னைக் கைவிட்டுவிடாதீர்கள்! விட்டால் சரிந்துவிடுவேன்."

"நான் எங்கே உன்னைப் பிடித்திருக்கிறேன்? நீதான் என்னைப் பிடித்துத் தொங்குகிறாய். நன்றாக வெந்துவிட்டாய், தனியே நிற்பாய். கையை எடு."

கேக்கின் மேல் அடுக்கப்படுவதற்காக வெளியே தட்டில் காத்திருந்த மாம்பழத் துண்டுகளில் ஒன்று சிரித்தது. "இவளா நம்மைச் சுமக்கப்போகிறாள்? தன்னையே சுமக்கமாட்டாள் போலிருக்கிறதே!"

அதைக் கேட்டதும் கேக்கின் பயம் இரட்டித்தது. நடுப்பகுதி உள்ளே சுருங்கிக்கொண்டே போனது. விளிம்போ தகரத்தை விடவில்லை.

"விட்டுவிடு, தாயே! உன்னை நீயே இழுக்கிறாய்!" என்று தகர அச்சு அலறியது.

கேக் இன்னும் இறுகப் பற்றியது. அதன் நடுவே, ஓசையின்றி ஒரு விரிசல் ஓடியது.

சற்று நேரத்தில் அந்த விரிசலை மறைத்து மாம்பழத் துண்டுகள் அடுக்கப்பட்டன. சிரித்த துண்டு கீழே எட்டிப் பார்த்தது. உடனே பக்கத்திலிருந்த துண்டின் தோளை இறுகப் பற்றிக்கொண்டது.