எதுவும் சேர்க்காத கியூப்

அம்பத்தூர் ஆய்வுக்கூடத்தில் அழுத்தும் இயந்திரத்தின் முள் ஏற ஏற, சுவேதாவும் தரையை விட்டு மெல்ல ஏறிக்கொண்டிருந்தாள்.

முனைவர் பட்டத்துக்கான கடைசிச் சோதனை. சாம்பல் கலந்த பொசோலானா சிமெண்ட் கலவையில் அவள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த மூன்று உசத்தி ரசாயனங்களும் காலையிலேயே கைவிட்டுவிட்டன. அந்த கான்கிரீட் கியூப்கள், முள் முப்பதைத் தாண்டும் முன்பே உடைந்துவிட்டன. ஒப்பிட்டுப் பார்க்க எதுவுமே சேர்க்காமல் வார்த்த கியூப்தான் பாக்கி. அது நாற்பதிலும் அசையவில்லை.

நாற்பத்திரண்டு. பூந்தமல்லி மெட்ரோ தூண்கள் வரிசையாகக் குனிந்து அவளை “டாக்டர் சுவேதா” என்று கூப்பிட்டன. நாற்பத்தைந்தில் படாரென்று கியூப் உடைந்ததும்தான் தரைக்கு வந்தாள்.

“துலுக்கானம் அண்ணா, இதுல என்ன போட்டீங்க?”

கலவை போடும் துலுக்கானம், கியூப்கள் ஊறும் தொட்டியில் தண்ணீர் மாற்றும் தன் மனைவி பொன்னியம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தார். “நான் இன்னாத்தம்மா போடப்போறேன்?”

“சொல்லுங்கண்ணா. தெரியலன்னா மறுபடி செஞ்சு காட்ட முடியாது. நாலு வருஷமும் வீண்.”

அவள் கண் கலங்கியதும் அவர் இளகிவிட்டார். “கலக்கும்போது கையில இருந்த டீ கொட்டிகிச்சும்மா.”

“வெறும் டீக்கு இவ்வளவு பலம் வராதே!”

துலுக்கானம் கண்களை இறுக மூடிக்கொண்டார். “மூணு ஸ்பூன் சக்கர போட்ட டீ.”

“சர்க்கரையா! துளி சேர்ந்தாலே சிமெண்ட் மெதுவா இறுகி பலம் கூடுமே!” சுவேதா துள்ளிக் குதித்தாள். பொன்னியம்மா குதிக்கவில்லை.

“யோவ்! ஆறு மாசமா சக்கரையத் தொடவே இல்லன்னு டாக்டராண்ட சத்தியம் பண்ணிகினு வந்தியே! இனிமே உன் டீயெல்லாம் கான்கிரீட்டுக்குத்தான். நீ மோந்து மட்டும் பாரு!”