மச்சான் போட்ட அளவு

சாப்பாட்டு மேஜையில் இடம் தீர்ந்துபோனதால், மச்சான் இப்போது இஸ்திரிப் பலகையின் மேல் தாள் விரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

பர்கருக்கு நடுவில் வைக்கும் கட்லெட். ராஜ்மாவும் பார்லியும் சேர்த்துப் பிசைந்தது.

வீட்டில் இருப்பதோ மூன்றே பேர்.

லிஃப்ட் மெக்கானிக்கான வீட்டுக்காரன் ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு, சமையலறை வாசலில் சாய்ந்து, பார்த்தும் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

இவன் மனைவியின் அண்ணனான மச்சான் போன வாரம்தான் வந்தார். அதற்கு முன் அவரை இவன் கண்ணால் கண்டதில்லை. தூரத்தில் ஏதோ ஹாஸ்டலில் சமையல் வேலை என்று அவள் சொல்லியிருந்தாள். கல்யாணத்துக்குக்கூட லீவு கிடைக்கவில்லையாம். சொந்தத் தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு தராத ஹாஸ்டல் எந்த உலகத்தில் இருக்கிறது என்று இவன் அப்போதே கேட்டான். அவள் பேச்சை மாற்றிவிட்டாள்.

வந்தவரிடம் ஒரே ஒரு பை. போன் கிடையாது. அண்ணனும் தங்கச்சியும் குசுகுசுவென்று ஏதாவது பேசிக்கொண்டிருப்பார்கள். இவன் தலை தெரிந்ததும் கரண்ட் போனதுபோல் எல்லாம் நின்றுவிடும்.

நேற்று அவள் பர்கர் சாப்பிட ஆசையாக இருக்கிறது, ஆனால் கறி வேண்டாம் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மச்சான் கிளம்பிப் போய்ப் புதுசாக ஒரு பக்கெட் வாங்கிவந்து, முக்கால்வாசிக்கு ராஜ்மாவை ஊறப்போட்டார்.

அப்போதே இவனுக்குப் பொறி தட்டியது. ஆள் வரப்போகிறது. எப்படிப்பட்ட ஆள், எத்தனை பேர்?

வேலையில் மட்டும் குறை சொல்ல முடியாது. வெந்த பார்லியைத் துணியில் பரப்பி ஈரம் போக விட்டார். ராஜ்மாவை முழுசாக மசிக்காமல், பல்லுக்குத் தட்டுப்படுகிற மாதிரிப் பாதியில் நிறுத்தினார். ஓட்ஸைப் பொடித்துத் தூவி, உருட்டி, பாட்டில் மூடியால் அழுத்தி எடுத்தார். எல்லாம் அச்சில் வார்த்தாற்போல் ஒரே அளவு. கொஞ்சம் தடித்துப்போன ஒன்றைக்கூட விடாமல், கிள்ளி எடுத்துச் சரிசெய்தார்.

ஆனால் அந்தக் கத்தி விவகாரம்தான் இவன் மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. வெங்காயம் நறுக்குவதற்கு முன்னால், "கத்தி எடுத்துக்கட்டுமா மாப்பிள்ளை?" என்று இவனிடம் கேட்டார். கத்தி அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. நறுக்கி முடித்ததும் கழுவித் துடைத்து, கைப்பிடியை இவன் பக்கம் திருப்பி நீட்டினார். வாங்கிக்கொள்ளும்வரை நகரவில்லை.



மனைவி கடைக்குப் போயிருந்தாள். கேட்பதென்றால் இப்போதுதான். கேட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள் என்று சொல்லிவிடுவதாகவே இவன் முடிவுசெய்திருந்தான்.

"யார் யாரு வர்றாங்க மச்சான்?"

"யாரும் வரலியே மாப்பிள்ளை." அவர் நிமிர்ந்து மேஜையையும் பலகையையும், வாஷிங் மெஷினின் மேலிருந்த தட்டுகளையும் அப்போதுதான் பார்ப்பவர்போலப் பார்த்தார். "அளவு கை தவறிப்போச்சு. கம்மியா செஞ்சு ரொம்ப நாளாச்சு."

நம்புகிற பேச்சா இது? இவன் டீ டம்ளரை ஓசைப்படக் கீழே வைத்தான். மச்சான் அடுப்பைப் பற்றவைத்து, தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு, முதல் நான்கைப் போட்டார். இவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

காலிங் பெல் அடித்தது.

மச்சான் அடுப்பை அணைத்தார். கரண்டியைக் கீழே வைத்தார். இரண்டே எட்டில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரை ஒட்டிப் போய் நின்றார்.

ஆள் வந்தேவிட்டது என்று இவன் நினைத்தான். சத்தமில்லாமல் போய்க் கதவுத் துவாரத்தில் கண்ணை வைத்தான்.

வெளியே மனைவி நின்றிருந்தாள். இரண்டு கையிலும் பை.

திரும்பினான். மச்சான் ஒளிந்துகொள்ளவில்லை. கையிரண்டும் தொடையை ஒட்டியிருந்தன. பார்வை தரையில். விரல்களில் மாவு காயாமல் அப்படியே இருந்தது.

"அங்க என்ன பண்றீங்க மச்சான்?"

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். முகம் வெளிறி, பிறகு அசட்டுத்தனமாகச் சிரித்தது.

"பழக்கதோஷம் மாப்பிள்ளை. மணியடிச்சா நின்னுடணும் அங்க. எண்ணுவாங்க."

ஹாஸ்டலில் பிள்ளைகளை எண்ணுவார்கள். சமையல்காரரையும் நிற்கவைத்து எண்ணுகிற இடம் ஒன்றுதான், ஜெயில்.

பெல் மறுபடியும் அடித்தது. மச்சானின் தோள் தன்னையறியாமல் சுவரோடு ஒட்டியது.

இவன் கதவைத் திறந்தான். உள்ளே வந்தவள் சுவரோரம் நின்ற அண்ணனைப் பார்த்தாள். பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பயந்துகொண்டிருந்தது இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் என்று இவனுக்குப் புரிந்தது.

கோபம் வந்தது. இத்தனை வருஷமாக என்னிடமா மறைத்தாய் என்று நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் அந்த மனிதர் சுவரிலிருந்து எப்போதும் விலகமாட்டார் என்றும் தோன்றியது.

அவள் கையிலிருந்த பைகளை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தான்.

"இந்த பன்னு பத்தாது," என்றான். "நான் போய் வாங்கிட்டு வர்றேன். நீ மாடி வீட்டுக்காரங்க, எதிர் வீட்டுக்காரங்க எல்லாரையும் சாப்பிடக் கூப்பிடு."

செருப்பை மாட்டிக்கொண்டு, குனிந்தபடியே சொன்னான்.

"எங்க மச்சான் வந்திருக்காருன்னு சொல்லு."