கடைசிப் பங்கு

கோதண்டம் தினமும் துடைத்துவைக்கும் எதிர் நாற்காலியில் இன்று மெர்லின் உட்கார்ந்திருந்தாள். இறால் ஓட்டிலிருந்து உரம் தயாரிக்க முதலீடு கேட்டு வந்திருந்தாள்.

"விதி ரொம்ப அழகும்மா," என்று அவர் உற்சாகமாக ஆரம்பித்தார். "எங்க கம்பெனியில பணம் போட்ட முதலாளிங்களுக்கு அரசாங்கம் வரியில கழிச்சுக் குடுத்துச்சு. அவங்க போட்ட பணம் முழுசும் புதுத் தொழில்களுக்குப் போனப்புறந்தான் முதலாளிங்க லாபத்தைப் பிரிச்சுக்கலாம். அதுவரைக்கும் வாடகை, கரண்டு, என் சம்பளம் மட்டும் எடுக்கலாம்."

"இன்னும் எவ்வளவு பாக்கி சார்?"

"நீங்க கேக்கிற அளவுதான்."

"எனக்குக் குடுத்துட்டா?"

"பிரிச்சுக்கிட்டு ஆபீஸை மூடிடுவாங்க."

மெர்லின் சுற்றிலும் பார்த்தாள். மற்ற மேசைகளை எப்போதோ எடுத்துப் போயிருந்தார்கள்.

"எனக்கு முன்னாடி யாருமே கேக்கலையா?"

நிறையப் பேர் கேட்டிருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் ஏதாவது குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியிருந்தார். இவளிடம் ஒரு குறையும் அகப்படவில்லை.

"உங்க டீ ஆறுது சார்."

"நீங்க குடிங்கம்மா. முதலாளிங்க கட்டுற வரிக்கும் ஒரு விதி இருக்கு. அதையும் சொல்லிடுறேன்."

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சொல்லுங்க சார்."

கோதண்டம் அவளுடைய விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடப் பேனாவின் மூடியைக் கழற்றினார். தாளைத் தொடாமல், எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தார்.