ரோரிக்கு ஒரு ஓட்டு

“ரோரின்னே எழுது கண்ணு. வேற பேரே வேண்டாம்” என்றாள் வசந்தாமணி.

அகிலன் பேனாவை நிறுத்திவிட்டு அம்மாவை விநோதமாகப் பார்த்தான். பிறப்புச் சான்றிதழ் படிவம் அவன் மடியில் இருந்தது. டிஸ்சார்ஜ் ஆவதற்குள் பெயரை நிரப்பித் தர வேண்டும். பத்து நிமிடத்தில் வருவதாக நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

“அம்மா, ஷானனே அப்பா பேரைத்தான் வைக்கணும்கிறா. அவங்க ஐரிஷ் ஃபேமிலியிலயும் மொதப் பையனுக்குத் தாத்தா பேருதானாம். ரோரி சும்மா செகண்ட் சாய்ஸ்.”

“சேனாபதி! ஐ லவ் இட்” என்று குழந்தையை அணைத்தபடி கட்டிலில் இருந்து சிரித்தாள் மருமகள் ஷானன்.

அகிலனின் அப்பா சேனாபதிக்கு உச்சி குளிர்ந்துபோனது. கோபிசெட்டிபாளையத்திலிருந்து கலிஃபோர்னியா வரை கால் வீங்க உட்கார்ந்து வந்ததே இதற்காகத்தான். ஆனால் மனைவி விடுவதாக இல்லை.

“ரோரின்னா சிவந்த ராசான்னு அர்த்தமாமுங்க. ஃபோன்ல தேடிப் பார்த்தேன். அயர்லாந்துல ஒரு பெரிய ராசாவுக்கே அந்தப் பேருதானாம். சிவந்த ராசான்னா நம்ம முருகன்தானுங்க? இங்கிருக்கற லிவர்மோர் கோயில்லயே பேரு வெச்சு ஊருக்கெல்லாம் சொல்லலாம். இந்த நாட்டுலயும் வருசா வருசம் அந்தப் பேரு மேலே ஏறிட்டே வருதாம்.”

“ஏறுதா எறங்குதான்னு பார்க்கறதுக்குப் பேரு என்ன ஷேர் மார்க்கெட்டா?” என்று சீறினார் சேனாபதி.

“கோவிச்சுக்காதீங்க. எனக்கு ரோரிதான் புடிச்சிருக்குது.”

அமெரிக்க மருமகளே சரி என்கிறாள். கட்டின மனைவி குறுக்கே நிற்கிறாள்.

“முப்பத்தெட்டு வருசம் எங்கூட இருந்திருக்கறே. எம் பேரு மேல அப்படி என்ன வெறுப்பு உனக்கு?”

வசந்தாமணி ஷானனிடமிருந்து பேரனை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் கண் நிறைந்துவிட்டது.

நர்ஸ் கதவைத் தட்டி எட்டிப் பார்த்தாள். ஒரே நிமிடம் என்று அகிலன் கையைக் காட்டினான்.

“அப்பா பாவம்மா. அவர் பேரையே எழுதிடறேன்.”

“எழுதிக்க சாமி. நீங்கல்லாம் பேரைச் சொல்லி ஆசையாக் கூப்பிடுவீங்க” என்றாள் வசந்தாமணி, குரல் உடைந்து. “கல்யாணமான நாள்லருந்து அந்தப் பேரை நான் வாயால சொன்னதே இல்லை. எம் பேரனையும் நான் ‘ஏனுங்க’ன்னா கூப்பிடறது?”